கடலில் அடிபட்டவரின் தயக்கம்: மெக்சிகோ வளைகுடா எண்ணெய்த் தொழிலாளரும் இழப்பீட்டு வழக்கும்

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ரிக்குகளிலும், அவற்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகுகளிலும் வேலை செய்பவர்களில் பலருக்கு, கரையில் வேலை செய்யும் அமெரிக்கத் தொழிலாளிக்கு இல்லாத ஓர் உரிமை உண்டு. ஆலையிலோ கட்டட வேலையிலோ அடிபட்டவருக்கு மாநில இழப்பீட்டுத் திட்டம் அளந்து கொடுப்பதே முடிவு; பெரும்பாலும் முதலாளியை அவர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சட்டம் மாலுமி என்று ஏற்றுக்கொண்டவரோ முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி ஜூரி முன்னால் நிற்கலாம். பட்ட வலிக்கும், போன சம்பளத்துக்கும், இனி வராமல் போகும் சம்பளத்துக்கும் பணம் கேட்கலாம். இவ்வளவு இருந்தும் அடிபட்டவர்களில் பலர் வக்கீலைப் பார்க்க மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். சிலர் கடைசிவரை பார்ப்பதே இல்லை. இதை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்தத் தயக்கத்தில் ஒரு பங்கு தவறான தகவல். இன்னொரு பங்கு, தொழில் எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் போடும் கணக்கு. அந்தக் கணக்கு பல நேரம் சரியாகவே இருக்கிறது.

தொழில் நடக்கும் இடத்தைப் பார்த்தால் இது விளங்கும். லூயிசியானா மாநிலத்தின் தென்விளிம்பில் போர்ட் ஃபோர்ஷான், ஹூமா, மார்கன் சிட்டி, லாஃபாயெட் என்று சில ஊர்கள் கடல் எண்ணெயை நம்பியே பிழைக்கின்றன. பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில் என்பது பழகிப்போன முறை. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்றும் உண்டு. கடலில் இருக்கும் நாளெல்லாம் 12 மணி நேர வேலை. ஒரே மேடையில் ஐந்தாறு முதலாளிகளின் ஆட்கள் இருப்பார்கள்: எண்ணெய் வயல் ஒரு நிறுவனத்துடையது, ரிக் இன்னொன்றுடையது, கிரேன் இயக்குபவர், வெல்டர், சமையற்காரர் ஆகியோர் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரின் ஆள். அப்பா ரிக்கில் இருந்தவர், மச்சான் படகில் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் மேற்பார்வையாளர் என்பது அந்த ஊர்களில் சாதாரணம். அங்கே வழக்கு என்றால் முகம் தெரியாத கம்பெனியோடு மட்டும் போகிற சண்டை இல்லை; ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எதிரே வந்து நிற்பவரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

விபத்து நடந்த இரவை எடுத்துக்கொள்ளலாம். ரிக்கின் தளத்தில் எடுபிடி வேலை பார்ப்பவரை ரௌஸ்டபவுட் என்கிறார்கள். படகிலிருந்து கிரேன் தூக்கும் குழாய்க்கட்டை வால்கயிற்றைப் பிடித்து அவர் திசை திருப்புகிறார். அலையில் படகு தாழ, கட்டு ஆடிவந்து இடுப்பில் இடிக்கிறது. மேடையில் இருக்கும் மருத்துவ உதவியாளர் வலி மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கைப் படிவம் முன்னால் வைக்கப்படுகிறது. ‘இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?’ என்பதுபோல ஒரு கேள்வி இத்தகைய படிவங்களில் அடிக்கடி இருக்கும். வலியிலும் மாத்திரை மயக்கத்திலும், ‘இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர், தனக்கு எதிரான முதல் சாட்சியைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்துவிடுகிறார்.

மேற்பார்வையாளர் இதை முதலுதவியோடு முடிக்கப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளின்படி முதலுதவி போதுமான காயம் ஒரு கணக்கு; மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டால் வேறு கணக்கு; வேலை நாள் போனால் அதற்கும் தனிக் கணக்கு. இந்த எண்களைப் பார்த்துத்தான் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கின்றன. குழுவின் பாதுகாப்புப் பரிசும் பல இடங்களில் இவற்றோடுதான் பிணைந்திருக்கிறது. ஒருவர் அடிபட்டதைச் சொன்னால் எல்லாருடைய பரிசும் போய்விடும். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் மேலதிகாரிகள் வந்திறங்கியதற்கு ஒரு காரணம், ஏழு ஆண்டுகள் ஒரு வேலை நாள்கூட விபத்தால் இழக்காமல் ஓடிய ரிக் என்று பாராட்டுவது. அன்றிரவே அது வெடித்தது; 126 பேரில் 11 பேர் மாண்டார்கள். காய எண்ணிக்கைப் பலகைக்கும் உண்மையான ஆபத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் கிடைப்பது அரிது.

அடுத்த குழப்பம், அடிபட்டவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பது. 1903இல் ‘ஒசியோலா’ என்ற கப்பல் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேலையில் நோயுற்ற அல்லது அடிபட்ட மாலுமிக்குச் சாப்பாடு, தங்குமிடம், சிகிச்சை ஆகியவற்றைக் கப்பல் முதலாளி தந்தாக வேண்டும் என்ற பழைய கடல் வழக்கத்தை உறுதிசெய்தது. ஆனால் கப்பல் தலைவனோ சக மாலுமியோ காட்டிய கவனக்குறைவுக்காக இழப்பீடு கேட்க முடியாது என்றது. அந்தக் கதவைத் திறந்தது 1920ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். வாஷிங்டன் மாநில செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ் கொண்டுவந்ததால் ஜோன்ஸ் சட்டம் என்று பெயர். ரயில்வே தொழிலாளருக்கு 1908இல் கொடுத்திருந்த வழக்குரிமையை அது அப்படியே மாலுமிக்கும் நீட்டியது. துறைமுகத் தொழிலாளருக்கு 1927இல் தனிச் சட்டம் வந்தது. அதில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆனால் முதலாளி மீது வழக்கு இல்லை. கரைக்கு அப்பாலுள்ள கண்டத்திட்டில் நிற்கும் மேடைகளுக்கு 1953ஆம் ஆண்டின் சட்டம் இந்த 1927 திட்டத்தையே பொருத்தியது.

ஆக, ஒரே கடலில் ஒரே காயம் இரண்டு விதமாகத் தீரும். கடலடியில் கால் ஊன்றி நிலையாக நிற்கும் மேடை சட்டத்தில் ஒரு தீவு. 1969இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மிதக்கும் ரிக்கும், கால்களை உயர்த்தி இழுத்துக்கொண்டு போகக்கூடிய ஜாக்அப் ரிக்கும் கப்பல்கள்; அங்கே நிரந்தரமாக வேலை செய்பவர், ஒருநாளும் சுக்கான் பிடிக்காவிட்டாலும், மாலுமி ஆகலாம் என்று ஐந்தாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் 1959இல் முடிவு செய்தது. லூயிசியானா, டெக்சாஸ், மிசிசிப்பி மூன்றுக்கும் அந்த நீதிமன்றமே மேல்முறையீடு கேட்கிறது. வேலை நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதமாவது ஒரு கப்பலிலோ ஒரே முதலாளியின் கப்பல் கூட்டத்திலோ கழிய வேண்டும் என்ற அளவுகோல் 1995இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2021இல் ஐந்தாம் சரகத்தின் முழு அமர்வு பிடியை இறுக்கியது: ஜாக்அப் ரிக்குகளில் பழுதுபார்க்கப் போன ஒரு வெல்டர் வேலை நாட்களில் பெரும்பகுதியை அவற்றிலேயே கழித்திருந்தும், அவருடைய வேலை கடலோடு பிணைந்தது என்று சொல்ல முடியாது, ஆகவே அவர் மாலுமி அல்லர் என்றது. வக்கீல்களே ஆண்டுக்கணக்கில் வாதாடும் விஷயத்தில், அடிபட்டவர் தன் உரிமை என்னவென்று தெரியாமல் நிற்பதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் முதலில் செய்யக்கூடியது, எந்த மேடையில், எந்த ரிக்கில், எந்தப் படகில் எத்தனை நாள் இருந்தோம் என்பதைக் குறித்துவைப்பது. பின்னால் வழக்கு திரும்பும் அச்சு பெரும்பாலும் அந்தக் குறிப்புதான்.

பயங்களில் பெரியது வேலை போய்விடும் என்பது. அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளர்களைக் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம். இதற்குச் சட்டம் சில விலக்குகள் வைத்திருக்கிறது. 1981இல் ஐந்தாம் சரக நீதிமன்றம், காயத்துக்காக வழக்குப் போட்டதற்கோ போட நினைத்ததற்கோ பழிவாங்கி மாலுமியை நீக்கினால் அதுவே தனியாக நஷ்டஈட்டுக்கு உரிய குற்றம் என்றது. 1927 சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி இழப்பீடு கேட்டதற்காகவோ சாட்சி சொன்னதற்காகவோ நீக்கப்பட்டால், வேலையும் இடைப்பட்ட சம்பளமும் திரும்பக் கிடைக்க வழியிருக்கிறது. முதலாளிக்கு அபராதமும் உண்டு. பாதுகாப்புக் குறையை அரசுக்குப் புகார் செய்த மாலுமிக்குத் தனிச் சட்டமே காவல். பழிவாங்கப்பட்டால் 180 நாளுக்குள் மனுக் கொடுக்கலாம்.

ஏட்டில் இவை கெட்டியானவை. ஆனால் இவை காப்பது கையில் இருக்கும் வேலையை. கடல் எண்ணெயில் வேலை என்பது பெரும்பாலும் அடுத்த அழைப்பு. விலை இறங்கினால் ரிக் நிறுத்தப்படும், ஒப்பந்தம் முடியும், ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். விலை ஏறினால் மறுபடி தொலைபேசி அடிக்கும். ‘கூப்பிடவில்லை’ என்பதற்கு எதிராக எந்த நீதிமன்றத்தில் என்ன நிரூபிப்பது? நூறு பேரில் நாற்பது பேரைத் திரும்ப எடுக்கும்போது வழக்குப் போட்டவர் அந்த நாற்பதில் இல்லாமல் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். போதாக்குறைக்கு, அவரை அனுப்புவது ஒப்பந்தக்காரர். வேண்டாம் என்று சொல்வது எண்ணெய் வயல்காரர். ‘அவரை எங்கள் மேடைக்கு அனுப்பாதீர்கள்’ என்ற ஒரு தொலைபேசிச் சொல் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

இந்தப் பயத்துக்கு வடகடலில் பெயரே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்திலிருந்து மேடைகளுக்குப் போகிறவர்கள் ‘என்.ஆர்.பி.’ என்பார்கள்; நாட் ரிக்கொயர்ட் பேக், திரும்பத் தேவையில்லை என்று பொருள். 1988 ஜூலை 6 இரவு பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, குறை சொன்னால் இந்த முத்திரை விழும் என்ற அச்சம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990இல் வந்தது. மேடைகளின் பாதுகாப்புப் பிரதிநிதிகளைப் பழிவாங்குவதைத் தடுக்க 1992இல் பிரிட்டன் தனிச் சட்டம் செய்தது. அந்தச் சட்டமும் கையில் இருக்கும் வேலையைத்தான் காத்தது. கூப்பிடாமல் இருப்பதை எட்டிப்பிடிப்பது அதற்கும் கடினமாகவே இருந்தது. ஆகவே வேலை போகும் என்று பயப்படும் தொழிலாளியிடம், அதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புவது அரைப் பதில். முழுப் பதில் காயத்தின் கனத்தைப் பொறுத்தது. கை குணமாகி மறுபடி ரிக் ஏறக்கூடியவருக்கு இழக்க நிறைய உண்டு. முதுகுத்தண்டு போனவருக்கு அந்த வேலை எப்படியும் முடிந்துவிட்டது. காக்க வேண்டியது அடுத்த இருபது ஆண்டு வருமானத்தை.

இரண்டாவது பயம், வழக்கு முடியும்வரை அடுப்பு எரிவது எப்படி என்பது. மாலுமிக்கு இங்கே ஒரு பழைய காவல் உண்டு: மெயின்டெனன்ஸ் அண்ட் கியூர் என்பார்கள், உணவுக்கும் இருப்பிடத்துக்கும் தினப்படி, குணமாகும்வரை மருத்துவச் செலவு. யார் தவறு என்ற பேச்சே இதில் கிடையாது. இனிச் சிகிச்சையால் முன்னேற்றம் இல்லை என்ற கட்டம்வரை முதலாளி கொடுக்க வேண்டும். குறை என்னவென்றால் தொகை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சங்க ஒப்பந்தங்களில் எழுதிய நாளொன்றுக்கு 8 டாலர், விலைவாசி எங்கோ போன பிறகும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. இன்று உண்மையான செலவைக் காட்டிக் கூடுதல் கேட்கலாம். ஆனால் கணக்கில் வருவது அவர் ஒருவருடைய சாப்பாடும் கூரையும். குழந்தையின் பள்ளிச் செலவும் லாரிக் கடன் தவணையும் வராது. ரிக்கில் நல்ல சம்பளம் வாங்கி அதற்கேற்பக் கடன் வைத்திருப்பவருக்கு இது முதல் மாதத்திலேயே இறுக்கும்.

அந்தத் தினப்படியையும் முதலாளி மறுத்தால்? 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் காசநோய் கண்ட ஒரு மாலுமி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் படி கேட்டும் பதிலே வரவில்லை. பிழைக்க அவர் டாக்சி ஓட்டினார். டாக்சியில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வோம் என்றது கப்பல் தரப்பு. கடமையை உதறிவிட்டு, நோயாளி வேறு வழியில்லாமல் ஓட்டிய டாக்சியின் வருமானத்தில் லாபம் பார்ப்பதா என்று நீதிமன்றம் மறுத்ததோடு, வக்கீல் செலவையும் கப்பல் தரப்பின் தலையில் கட்டியது. 2009இல் இன்னொரு படி மேலே போய், வேண்டுமென்றே படியை மறுக்கும் முதலாளிக்குத் தண்டனைத் தொகையும் விதிக்கலாம் என்றது. இழுவைப் படகின் இரும்புத் தளத்தில் வழுக்கி விழுந்து தோள் அடிபட்ட ஒருவருடைய வழக்கு அது. லூயிசியானாவிலும் டெக்சாஸிலும் இன்னொரு வசதி இருக்கிறது: மற்றப் பல மாநிலங்களில் தடை இருக்க, அங்கே வக்கீலே கட்சிக்காரருக்கு வாழ்க்கைச் செலவுக்குக் கடன் தர நெறிமுறை விதிகள் வரம்போடு இடம் கொடுக்கின்றன. கடைசியில் கிடைக்கும் தொகையிலிருந்து அது கழியும் என்பதை மறக்காமல் வாங்க வேண்டிய கடன்.

‘தப்பு என் மேலும் இருக்கிறதே’ என்பது அடுத்த தயக்கம். இது பெருமளவு தேவையற்றது. ஜோன்ஸ் சட்டத்தில் தொழிலாளியின் தவறு வழக்கை அழிக்காது. தொகையைக் குறைக்கும், அவ்வளவே. ஜூரி அவருக்கு முப்பது பங்கு பழி வைத்தால், நூறு டாலருக்கு எழுபது வரும். முதலாளியின் கவனக்குறைவு விபத்தில் சிறு பங்கு வகித்திருந்தாலே போதும் என்று, ரயில்வே சட்டத்தைப் பற்றி 1957இல் சொன்ன அளவுகோல் மாலுமிக்கும் பொருந்துகிறது. படிவத்தில் ‘கவனமாக இருந்திருக்கலாம்’ என்று எழுதிவிட்டதால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர் இதை அறியாதவரே.

தேவையுள்ள பயம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது மருத்துவக் கேள்வித்தாளில் பழைய முதுகுவலியை மறைத்தவர்கள் கணிசம். உண்மையைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1968இல் நீரிழிவை மறைத்த ஒரு மாலுமியின் வழக்கில் ஐந்தாம் சரக நீதிமன்றம் வகுத்த விதி இன்றும் நடப்பில் உண்டு: கேட்டும் வேண்டுமென்றே மறைத்தார், மறைத்தது வேலைக்கு எடுக்கும் முடிவைப் பாதிக்கக்கூடியது, பழைய நோய்க்கும் புதிய காயத்துக்கும் தொடர்பு உண்டு என்று மூன்றும் நிரூபணமானால், தினப்படியும் மருத்துவச் செலவும் நின்றுவிடும். கவனக்குறைவு வழக்கை இது தானாகவே அழித்துவிடாது. ஆனால் அங்கும் மறைத்ததை அவர் பங்குத் தவறாக ஜூரி முன் வைக்கலாம். இந்த ஒன்றில் வக்கீலிடம் முழு உண்மையைச் சொல்லாதவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். எதிர்த்தரப்பு பத்து ஆண்டு மருத்துவக் கோப்பையும் வரவழைத்துப் படிக்கும்.

கையெழுத்தைப் பற்றிய கவலை தனி வகை. விபத்தைத் தொடர்ந்து சில நாளில் காப்பீட்டாளரின் ஆள் தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்துகொள்வார். பிறகு ஒரு தொகையும் ஒரு விடுவிப்புப் பத்திரமும் வரும். டீப்வாட்டர் ஹொரைசனிலிருந்து தப்பியவர்கள் ஒரு நாளுக்கு மேல் மீட்புப் படகிலேயே இருந்து, போர்ட் ஃபோர்ஷானில் இறங்கி, நியூ ஆர்லியன்ஸ் அருகே ஒரு ஓட்டலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தூக்கமில்லாத அந்த நிலையில், தாங்கள் காயப்படவில்லை, நடந்ததை நேரில் பார்க்கவில்லை என்ற வாசகங்கள் கொண்ட படிவங்கள் தங்கள் முன் வைக்கப்பட்டன என்று சிலர் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையிலும் செய்தியாளரிடமும் சொன்னார்கள்.

இப்படிப் போட்ட கையெழுத்து விதியாகிவிடுவதில்லை. மாலுமியை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள பிள்ளையைப் போல நடத்த வேண்டும் என்ற கருத்து 1823இலிருந்தே அமெரிக்கத் தீர்ப்புகளில் இருக்கிறது. அதன் வழியில் 1942இல் உச்ச நீதிமன்றம், விடுவிப்புப் பத்திரத்தை மாலுமி தன் விருப்பப்படி, ஏமாற்றப்படாமல், உரிமைகள் முழுவதும் புரிந்து எழுதிக்கொடுத்தார் என்று நிரூபிக்கும் சுமையைக் கப்பல் முதலாளி மேல் வைத்தது. கொடுத்த தொகை போதுமானதா, சுதந்திரமான வக்கீலும் மருத்துவரும் ஆலோசனை சொன்னார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். 1927 சட்டத்தில் இன்னும் கட்டுப்பாடு: அரசு அதிகாரியோ நிர்வாக நீதிபதியோ ஒப்புக்கொள்ளாத சமரசம் செல்லாது. ஒரு கண்ணி மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது. காயத்துக்குப் பிறகு முன்பணம் கொடுத்து, ஜூரிக்குப் பதில் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை ஐந்தாம் சரகம் 2007இல் ஏற்றுக்கொண்டது. விடுவிப்புப் பத்திரம் என்று பெயரில்லாத காகிதத்திலும் ஜூரி உரிமை போய்விடலாம்.

கம்பெனி மருத்துவர் காயத்தைச் சிறிதாகக் காட்டுவார் என்ற சந்தேகம் பரவலானது. சொந்த மருத்துவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் இதற்கு மருந்து எளிது. கம்பெனி அனுப்பும் இடத்துக்குப் போய்விட்டுத் தன் மருத்துவரிடமும் காட்டலாம். ஒளிந்திருந்து படமெடுக்கிறார்கள் என்ற பேச்சும் வெறும் வதந்தி இல்லை. முதுகு போனவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவதை வண்டியில் உட்கார்ந்து படமெடுத்து வைத்திருப்பார்கள். விசாரணை நாளில் திடீரென்று திரையில் காட்டுவது முன்பு வழக்கம். வளைகுடா மாலுமி ஒருவரின் வழக்கில் 1993இல் ஐந்தாம் சரகம் அதைக் கண்டித்து, அத்தகைய படத்தை முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. நல்ல நாளில் கொஞ்சம் குனிந்ததற்கும் மறுநாள் எழ முடியாமல் கிடந்ததற்கும் இடையிலுள்ளது படத்தில் வராது என்பதை ஜூரிக்கு விளக்க அதனால் நேரம் கிடைக்கிறது.

வக்கீல் செலவைப் பற்றிய பயத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஜோன்ஸ் சட்ட வழக்குகள் பெரும்பாலும் வென்றால் பங்கு என்ற முறையில் நடக்கின்றன. மூன்றில் ஒன்றோ நாற்பது சதவீதமோ வழக்கறிஞருக்கு, தோற்றால் கட்டணம் இல்லை. நகல், நிபுணர் சாட்சி போன்ற செலவுகளைத் தோற்றாலும் யார் தாங்குவது என்று முதலிலேயே எழுத்தில் கேட்பது நல்லது. 1927 சட்டத்தில் பங்கு முறையே கிடையாது. முதலாளி மறுத்துத் தோற்றால் கட்டணத்தை அவரே தர வேண்டும், அதுவும் அதிகாரி ஒப்புதலோடு.

காலக்கெடு அப்படிக் கடந்துபோகக்கூடியதன்று. மற்ற எல்லாப் பயங்களும் கடைசியில் தாமதமாகத்தான் வெளிப்படுகின்றன. ஜோன்ஸ் சட்டத்தில் மூன்று ஆண்டுகள். 1927 சட்டத்தில் 30 நாளுக்குள் முதலாளிக்கு அறிவிப்பு, ஓர் ஆண்டுக்குள் கோரிக்கை. மூன்று ஆண்டு நீளமாகத் தெரியும். அதற்குள் ரிக் வேறு கடலுக்குப் போயிருக்கும், கிரேனின் கம்பிக்கயிறு மாற்றப்பட்டிருக்கும், பார்த்த நண்பர் வேறு மாநிலத்தில் இருப்பார், பராமரிப்புப் பதிவேடு தேடக் கிடைக்காது. முதலாளியின் கையில் இன்னொரு பழைய ஆயுதமும் உண்டு: 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனக்குத் தெரியாமல் நடந்த விபத்துக்குத் தன் பொறுப்பை விபத்துக்குப் பின் கப்பலின் மதிப்போடு நிறுத்திக்கொள்ளக் கப்பல் முதலாளி மனுச் செய்யலாம். டீப்வாட்டர் ஹொரைசன் மூழ்கிய சில வாரங்களில் ரிக்கின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷன், ஏறக்குறைய 2.67 கோடி டாலரோடு பொறுப்பை நிறுத்தக் கேட்டு ஹூஸ்டனில் மனுச் செய்தது. அப்படி ஒரு மனு வந்தால் மற்ற எல்லா வழக்குகளும் நின்று, கோரிக்கைகள் அந்த ஒரே நீதிமன்றத்தில் குறித்த தேதிக்குள் வந்து சேர வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று இருந்தவர், சில மாதத்திலேயே ஓட வேண்டியவர் ஆகிறார்.

அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவருக்கு நிலைமை வேறு. 1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஜோன்ஸ் சட்டத்தில் ஒரு வேலி போட்டது: அப்படிப்பட்டவர் வேறொரு நாட்டின் கடலில், எண்ணெய் அல்லது கனிமம் எடுக்கும் நிறுவனத்தின் வேலையில் அடிபட்டால், விபத்து நடந்த நாட்டிலும் தன் நாட்டிலும் தனக்கு நிவாரணமே இல்லை என்று காட்டினாலொழிய அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போக முடியாது. தமிழ்நாட்டிலிருந்து ஏஜென்ட் மூலம் மேற்கு ஆப்பிரிக்கக் கடலிலோ பாரசீக வளைகுடாவிலோ அமெரிக்க நிறுவனத்தின் ரிக் ஏறிய ரிக்கருக்கும் வெல்டருக்கும் இந்த வேலி பொருந்தும். கம்பெனி அமெரிக்காவுடையது என்பதால் அமெரிக்காவில் வழக்குப் போடலாம் என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது.

அவருக்கு மிஞ்சுவது விபத்து நடந்த நாட்டின் சட்டமும் இந்தியச் சட்டமும். இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், அதன் பெரும்பகுதியை உள்ளடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஆகியவற்றின் அமைப்பு, தவறு யாருடையது என்று கேட்காமல் அட்டவணைப்படி தொகை தருவது. நிரந்தரமாக முழுச் செயலிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவார்கள். அந்தச் சம்பளத்துக்கு அரசு ஒரு மேல்வரம்பும் வைத்திருக்கிறது. இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஆணையரிடம் கோரிக்கை வைத்தவர் பிறகு முதலாளி மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது. உரிமையியல் வழக்குப் போட்டவர் ஆணையரிடம் வர முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்பது இந்தியத் தொழிலாளியின் தயக்கத்துக்குத் தனிக் காரணம். விரைவாகக் கிடைக்கும் சிறு தொகையா, பல ஆண்டு நடந்து கிடைக்கலாம் அல்லது கிடைக்காமல் போகலாம் என்ற பெரிய தொகையா என்ற கேள்வியை அவர் காயத்தின் ஆழம் தெரிவதற்கு முன்பே தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் இந்திய ஏற்பாடு அமெரிக்கத் தொழிலாளி பொறாமைப்படக்கூடியது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தவர், அந்த ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கும் இழப்பீடு தந்தாக வேண்டும். கொடுத்ததைப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. மும்பை ஹை வயலில் 2005 ஜூலை 27 அன்று நடந்தது இதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைக் காட்டும். ஆதரவுக் கப்பல் ஒன்றின் சமையற்காரருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. மழைக்காலம், ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அவரைக் கிரேன் கூடையில் மேடைக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் கப்பல் அலையில் தள்ளப்பட்டு மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. மேடை எரிந்து 22 பேர் இறந்தார்கள். அந்த மேடையிலும் கப்பலிலும் துரப்பணம் முதல் சமையல் வரை வெவ்வேறு முதலாளிகளின் ஆட்கள் இருந்தார்கள். யார் யாருடைய ஆள் என்ற கேள்வியை இந்தியச் சட்டம் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கி, முதன்மை நிறுவனத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே வைக்கிறது. கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம். அது கடந்தும் தக்க காரணம் காட்டினால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம்.